மணவாளக்குறிச்சிக் கருமணலும் இல்மனைட்டின் படிக அமைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஒதுங்கும் கருமணலின் முதன்மைக் கனிமம் இல்மனைட். இது இரும்பு, டைட்டானியம், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்த சேர்மம். தூய இல்மனைட்டில் டைட்டானியம் டைஆக்சைடு 52.7 விழுக்காட்டுக்கு மேல் இருக்க இயலாது. ஆயினும் மணவாளக்குறிச்சி இல்மனைட்டில் அது ஏறத்தாழ 55 விழுக்காடாகவும், கேரளத்தின் சவறா இல்மனைட்டில் ஏறத்தாழ 60 விழுக்காடாகவும் உள்ளது. வேதிப் பகுப்பாய்வு கண்டறிந்த இந்த மிகுதிக்குப் படிகவியல் எவ்வாறு படிப்படியாக விளக்கம் தந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மணலின் விலையையும் பயனையும் முடிவுசெய்தது விழுக்காட்டுக் கணக்கு; அக்கணக்கின் பின்னால் இருந்த நெடுங்கால நிலவியல் மாற்றத்தை வெளிக்கொணர்ந்தது படிக அமைப்பு என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: மணவாளக்குறிச்சி, கருமணல், இல்மனைட், படிக அமைப்பு, எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு, போலி ரூட்டைல், சவறா.

முன்னுரை

குமரிமுனையில் காணப்படும் பலநிற மணலுக்கு மக்களிடையே ஒரு கதை வழங்குகிறது. குமரியம்மனுக்கும் சுசீந்திரம் ஈசனுக்கும் நடைபெறவிருந்த திருமணம் முகூர்த்த நேரம் தவறியதால் நின்றுபோயிற்று என்றும், சமைக்கப்படாமல் கிடந்த அரிசி முதலான பண்டங்களே மணலாயின என்றும் அக்கதை கூறும். மணலின் நிறங்கள் ஒன்றுக்கொன்று வேறான பொருள்களிலிருந்து வந்தவை என்னும் நுட்பமான கவனிப்பு இக்கதையினுள் பொதிந்துள்ளது. கனிமவியல் அக்கவனிப்பை உறுதிசெய்கிறது. வெண்மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், செம்மணல் கார்னெட், கருமணல் இல்மனைட்.

கருமணல் செறிவாக ஒதுங்கும் இடம் குமரிமுனைக்கு வடமேற்கே, குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடைப்பட்ட மணவாளக்குறிச்சிக் கடற்கரை. தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களைக் குறிக்கும் பழைய நாஞ்சில் நாட்டு எல்லைக்கு வெளியே, கல்குளம் வட்டத்தில் இது அமைந்துள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சார்னோக்கைட், கோண்டலைட் பாறைகள் சிதைந்து, அவற்றின் கனிமத் துகள்கள் ஆறுகளின் வழியே கடலை அடைகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தின் அலைகள் எடைகுறைந்த குவார்ட்ஸை அரித்து நீக்கி, எடைமிகுந்த இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட், சில்லிமனைட் ஆகியவற்றைக் கரையில் விட்டுச் செல்கின்றன.

இம்மணலைப் பற்றிய பொதுப்பேச்சு பெரும்பாலும் மோனசைட்டையும் அதிலுள்ள தோரியத்தையும் சுற்றியே அமைகிறது. கதிரியக்கமும் அணுசக்தி அரசியலும் அதற்குக் காரணம். அளவில் மிகுதியான இல்மனைட், எடைக்கணக்கில் மட்டும் பேசப்படும் பொருளாகவே நின்றுவிட்டது. அதன் அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பது அறிவியலாருக்கு மட்டுமே உரிய வினாவன்று; அக்கடற்கரை எவ்வாறு உருவாயிற்று, அதிலிருந்து எடுக்கப்படுவது எத்தகைய பொருள் என்னும் வரலாற்று வினாக்களுக்கும் அதுவே விடை தருகிறது.

கயிற்றில் ஒட்டி வந்த மணல்

இம்மணலின் தொழில் வரலாறு 1909இல் தொடங்குகிறது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னை நார்ப் பொருள்களில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார் கண்டறிந்தார். அக்காலத்தில் வாயு விளக்கின் மேண்டில் செய்வதற்குத் தோரியம் தேவைப்பட்டது. ஆஸ்திரிய வேதியியலாரான அவுயர் ஃபொன் வெல்ஸ்பாக் உருவாக்கிய மேண்டிலில் 99 விழுக்காடு தோரியம் ஆக்சைடும் 1 விழுக்காடு சீரியம் ஆக்சைடும் இருந்தன. தோரியத்துக்கான மோனசைட் அதுவரை முதன்மையாகப் பிரேசில் கடற்கரையிலிருந்தே கிடைத்துவந்தது. எனவே திருவிதாங்கூர் மணல் உடனடியாக முதன்மை பெற்றது. 1910ஆம் ஆண்டையொட்டி மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை தோன்றியது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டிப்பர் 1914இல் திருவிதாங்கூர் மோனசைட் மணல் குறித்து எழுதினார். முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மானியரின் ஆதிக்கம் முடிவுற்று, தொழில் ஆங்கிலேய நிறுவனங்களின் கைக்கு மாறியது.

இக்கட்டத்தில் இல்மனைட் பெரும்பாலும் மோனசைட்டைப் பிரித்தபின் எஞ்சும் பொருளாகவே இருந்தது. அந்நிலையை மாற்றியது வெள்ளைச் சாயம். ஈய வெள்ளைக்கு மாற்றாக டைட்டானியம் டைஆக்சைடைச் சாயமாகப் பயன்படுத்தும் தொழில் 1916ஐ ஒட்டி நார்வேயிலும் அமெரிக்காவிலும் தொடங்கியது. கருநிற இல்மனைட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து, இரும்பை நீக்கி, வெண்ணிறப் பொடியைப் பெறுவது அதன் முறை. 1922 முதல் திருவிதாங்கூர் இல்மனைட் ஏற்றுமதியாயிற்று. முப்பதுகளின் இறுதியில் உலகுக்கு இல்மனைட் வழங்கும் இடங்களுள் திருவிதாங்கூர் முதன்மையானதாக விளங்கியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தோரியம் அணுசக்தியுடன் தொடர்புற்றபோது மோனசைட் மீண்டும் முன்னிலைக்கு வந்தது. 1950 ஆகஸ்ட் 18இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. அதன் ஆலுவா ஆலையை 1952 டிசம்பர் 24இல் ஜவகர்லால் நேரு திறந்துவைத்தார். மணவாளக்குறிச்சி, சவறா ஆலைகள் அறுபதுகளில் அந்நிறுவனத்தின்கீழ் வந்தன. இதற்கிடையில், 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. ஒரே சமஸ்தானத்தின் கடற்கரையாக இருந்த மணற்பரப்பு இவ்வாறு இரு மாநிலங்களாகப் பிரிந்தது: சவறா கேரளத்தில்; மணவாளக்குறிச்சி தமிழ்நாட்டில்.

எடைக்கணக்கு எழுப்பிய வினா

இவ்விரு இடங்களின் மணலும் ஒரே பெயரில் விற்பனையானாலும் வணிகத்தில் அவை ஒன்றாகக் கருதப்படவில்லை. மணவாளக்குறிச்சி இல்மனைட் ஏறத்தாழ 55 விழுக்காடு டைட்டானியம் டைஆக்சைடு கொண்ட தரமாகவும், சவறா இல்மனைட் ஏறத்தாழ 60 விழுக்காடு கொண்ட தரமாகவும் தனித்தனியே அடையாளப்படுத்தப்பட்டன. ஒடிசாவின் சத்திரப்பூர் இல்மனைட்டில் அது ஏறத்தாழ 50 விழுக்காடு.

இவ்வெண்களில் ஒரு சிக்கல் உண்டு. இல்மனைட்டின் வாய்பாட்டில் ஓர் இரும்பு அணுவுக்கு ஒரு டைட்டானிய அணுவும் மூன்று ஆக்சிஜன் அணுக்களும் உள்ளன. அணு எடைகளைக் கொண்டு கணக்கிட்டால் டைட்டானியம் டைஆக்சைடு 52.7 விழுக்காடும், இரும்பு ஆக்சைடு 47.3 விழுக்காடும் வரும். ஹெமடைட் திண்மக் கரைசலாகக் கலந்திருந்தால் இவ்வளவு குறையுமேயன்றிக் கூடாது. ஒடிசா மணலின் 50 விழுக்காட்டை இவ்வாறு எளிதில் விளக்கலாம். மணவாளக்குறிச்சியின் 55 விழுக்காட்டையும் சவறாவின் 60 விழுக்காட்டையும் இவ்வகையில் விளக்க இயலாது. வாய்பாடு இடந்தராத அளவில் டைட்டானியம் எவ்வாறு வந்தது?

மூன்று விடைகள் இயலக்கூடியவையாக இருந்தன. முதலாவது, இல்மனைட் துகள்களுடன் ரூட்டைல் போன்ற டைட்டானியம் மிகுந்த கனிமம் கலந்திருக்கலாம். இரண்டாவது, இது இல்மனைட் அன்றி வேறொரு கனிமமாக இருக்கலாம். மூன்றாவது, இல்மனைட்டே தன் இரும்பில் ஒரு பகுதியை இழந்திருக்கலாம். இரண்டாவது விடைக்கு ஒரு பெயரும் இருந்தது. ஷோம்பெர்க் மோனசைட்டைக் கண்டறிந்த அதே 1909இல், அமெரிக்காவின் அரிசோனாப் பகுதியில் கிடைத்த ஒரு பொருளைப் பாமர் என்பார் பகுத்தாய்ந்து, இரண்டு இரும்பு, மூன்று டைட்டானியம், ஒன்பது ஆக்சிஜன் என்னும் விகிதத்தைக் கண்டு, அதற்கு அரிசோனைட் என்று பெயரிட்டிருந்தார். இவ்வாய்பாட்டின்படி டைட்டானியம் டைஆக்சைடு சரியாக 60 விழுக்காடு.

வேதிப் பகுப்பாய்வால் இம்மூன்றையும் வேறுபடுத்த இயலாது. துகளை அமிலத்தில் கரைத்தவுடன் அணுக்களின் எண்ணிக்கை மட்டுமே எஞ்சும். அவற்றின் இருப்பிடம் அழிந்துவிடும். கரைக்காமல் உள்ளே காணும் வழி ஒன்று தேவைப்பட்டது.

1934: அடுக்குகளின் ஒழுங்கு

அவ்வழியை 1912இல் லாவே திறந்தார். அடுத்த ஆண்டே பிராகுகள் இருவரும் அதனைப் படிக அமைப்பைக் கண்டறியும் முறையாக வளர்த்தனர். படிகத்தின் அணு அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எக்ஸ் கதிர்கள் குறிப்பிட்ட கோணங்களில் மட்டுமே ஒன்றையொன்று வலுப்படுத்தும். அக்கோணங்கள் அடுக்குகளுக்கிடையேயுள்ள தொலைவைக் கூறும். கதிர்களின் செறிவு எந்த அணு எங்குள்ளது என்பதைக் கூறும்.

இல்மனைட்டுக்கு முன்னதாக அதன் உறவுக் கனிமமான ஹெமடைட் ஆராயப்பட்டது. 1925இல் பாலிங்கும் ஹென்ட்ரிக்ஸும் ஹெமடைட், கொரண்டம் ஆகியவற்றின் அமைப்பை வரையறுத்தனர். ஆக்சிஜன் அணுக்கள் அறுகோண நெருங்கிய அடுக்குகளாக அமைய, அவற்றிடையேயுள்ள எண்முக இடைவெளிகளில் மூன்றில் இரண்டு பங்கை இரும்பு நிரப்புவது ஹெமடைட்டின் அமைப்பு. 1934இல் வாஷிங்டனிலுள்ள கார்னெகி நிறுவனத்தின் புவி இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பார்த், போஸ்ன்யாக் இருவரும் இல்மனைட்டின் அமைப்பை வெளியிட்டனர். ஆக்சிஜன் சட்டகம் ஹெமடைட்டில் உள்ளதைப் போன்றதே; ஆனால் உலோக அடுக்குகளில் ஓர் அடுக்கு முழுவதும் இரும்பு, அடுத்த அடுக்கு முழுவதும் டைட்டானியம் என மாறிமாறி வருகின்றன. அலகுக்கூட்டின் அடிப்பக்கம் ஏறத்தாழ 5.09 ஆங்ஸ்ட்ராம், உயரம் ஏறத்தாழ 14.08 ஆங்ஸ்ட்ராம்.

இம்முடிவு எளிதில் பெறத்தக்கதன்று. இரும்பும் டைட்டானியமும் ஒழுங்கின்றிக் கலந்திருந்தால் ஹெமடைட்டின் சறுக்குத் தளச் சமச்சீர்மை இல்மனைட்டிலும் நிலைத்திருக்கும். அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தால் அச்சமச்சீர்மை நீங்கும். நீங்கினால், ஹெமடைட்டில் தோன்றாத சில கோடுகள் இல்மனைட்டின் விளிம்பு விளைவுப் படத்தில் தோன்றவேண்டும். அக்கோடுகளின் வலிமை இரு உலோகங்களின் எலக்ட்ரான் எண்ணிக்கை வேறுபாட்டைச் சார்ந்தது. இரும்பில் எலக்ட்ரான்கள் 26, டைட்டானியத்தில் 22. வேறுபாடு 4, கூட்டுத்தொகை 48. கதிரின் செறிவு இவற்றின் வர்க்கத்தைச் சார்வதால், உலோக அணுக்களின் பங்களிப்பை மட்டும் கருதினால், இக்கோடுகள் வலிய கோடுகளின் செறிவில் ஏறத்தாழ 144இல் ஒரு பங்கே பெறும். மங்கலான இக்கோடுகளே இல்மனைட்டைத் தனி அமைப்புடைய கனிமமாக நிறுவின.

இரும்பின் நிலை

1934ஆம் ஆண்டின் அமைப்பு அணுக்களின் இடத்தைக் கூறியதே தவிர, இரும்பு எந்நிலையில் உள்ளது என்பதை முடிவாகக் கூறவில்லை. இரு நேர்மின்சுமை கொண்ட ஃபெரஸ் இரும்பும் நான்கு நேர்மின்சுமை கொண்ட டைட்டானியமும் சேர்ந்தாலும் கூட்டுத்தொகை ஆறு. மூன்று நேர்மின்சுமை கொண்ட ஃபெரிக் இரும்பும் மூன்று நேர்மின்சுமை கொண்ட டைட்டானியமும் சேர்ந்தாலும் கூட்டுத்தொகை ஆறு. இவ்விரண்டில் எது உண்மை என்பது மணவாளக்குறிச்சி மணலுக்கு இன்றியமையாத வினா. ஏனெனில், காற்றிலும் நீரிலும் ஆக்சிஜனேற்றம் அடையக்கூடியது ஃபெரஸ் இரும்பே.

இங்கு நியூட்ரான் விளிம்பு விளைவு துணைநின்றது. நியூட்ரான் எலக்ட்ரான்களால் அன்றி முதன்மையாக அணுக்கருவால் சிதறடிக்கப்படுகிறது. இரும்பின் சிதறல் நீளம் நேர்க்குறியும், டைட்டானியத்தின் சிதறல் நீளம் எதிர்க்குறியும் உடையன. எக்ஸ் கதிரில் ஏறத்தாழ ஒன்றாகத் தோன்றும் இரு அணுக்களும் நியூட்ரானுக்கு நேரெதிராகத் தோன்றுகின்றன. 1959இல் ஷிரானே குழுவினர் இம்முறையால் இல்மனைட்டையும், ஹெமடைட்டுடன் அது கொள்ளும் திண்மக் கரைசல்களையும் ஆராய்ந்து, அடுக்கொழுங்கையும், தாழ்ந்த வெப்பநிலையில் அடுத்தடுத்த இரும்பு அடுக்குகளின் காந்தத் திசை எதிரெதிராக அமைவதையும் காட்டினர். தொடர்ந்து அறுபதுகளின் தொடக்கத்தில் மோஸ்பவர் நிறமாலை ஆய்வுகள் இல்மனைட்டின் இரும்பு ஃபெரஸ் நிலையில் இருப்பதை உறுதிப்படுத்தின.

படிக அமைப்பு எதைக் கூறும், எதைக் கூறாது என்பதை விளங்கிக்கொள்ள அதே காலத்தில் ஆராயப்பட்ட மற்றோர் இரும்புச் சேர்மத்தின் வரலாறு உதவும். 1951இல் கீலியும் பாசனும் அறிவித்த ஃபெரோசீன் ஒரு கரிம உலோகச் சேர்மம். ஓர் இரும்பு, பத்து கார்பன், பத்து ஹைட்ரஜன் அணுக்கள் கொண்டது. அதன் எண்ணிக்கை தெரிந்திருந்தும் அமைப்பு தெரியவில்லை. 1952இல் வில்கின்சன், உட்வர்டு குழுவினர் வேதியியல் சான்றுகளாலும், ஃபிஷர், ஃபாப் இருவர் எக்ஸ் கதிர்ச் சான்றாலும், இரு ஐங்கோண வளையங்களுக்கு இடையே இரும்பு அமைந்துள்ளது என்னும் முடிவை அடைந்தனர். அதே ஆண்டில் ஐலண்ட், பெப்பின்ஸ்கி ஆகியோரும், அடுத்து டுனிட்ஸ், ஆர்கல் ஆகியோரும் செய்த எக்ஸ் கதிர் ஆய்வுகள் மூலக்கூற்றுக்குச் சமச்சீர் மையம் இருப்பதாகக் காட்டின. எனவே இரு வளையங்களும் ஒன்றுக்கொன்று திரும்பிய நிலையில் உள்ளன என்று கொள்ளப்பட்டது. ஆனால் 1979இல் சைலரும் டுனிட்ஸும், அறை வெப்பநிலைப் படிகத்தில் மூலக்கூறுகள் வெவ்வேறு திருப்பங்களில் ஒழுங்கின்றி அமைந்துள்ளன என்றும், சமச்சீர் மையம் அவற்றின் சராசரிக்கே உரியது என்றும் நிறுவினர். எக்ஸ் கதிர் தருவது கோடானுகோடி அலகுகளின் சராசரியை. தனியலகின் நிலையை அச்சராசரியிலிருந்து உய்த்துணர வேண்டும். இப்பாடம் கருமணலுக்கும் பொருந்துகிறது.

வெளியேறிய மூன்றில் ஒரு பங்கு

அரிசோனைட் ஒரு தனிக் கனிமம் என்னும் கருத்தை 1950இல் ஓவர்ஹோல்ட் குழுவினர் எக்ஸ் கதிர்ச் சான்றால் மறுத்தனர். பாமரின் பொருள் ஹெமடைட், இல்மனைட், அனடேஸ், ரூட்டைல் ஆகியவற்றின் கலவை என்பது அவர்தம் முடிவு. இதனால் இரண்டாவது விடை கைவிடப்படவேண்டிய நிலை தோன்றியது. ஆனால் உலகின் பல கடற்கரைகளிலிருந்து கிடைத்த இல்மனைட் மணல்களில், ஏறத்தாழ அதே விகிதங்கொண்ட ஒரு பொருள் மீண்டும் மீண்டும் தென்பட்டது. 1956இல் பெய்லி குழுவினர் கடற்கரை மணலின் இல்மனைட் படிப்படியாக மாற்றமடைவதை நுண்ணோக்கிச் சான்றுகளுடன் விளக்கினர்.

1966இல் டியூஃபர், டெம்பிள் இருவரும் இடைநிலைப் பொருளின் எக்ஸ் கதிர்ப் படத்தை ஆராய்ந்து, இரண்டு இரும்பு, மூன்று டைட்டானியம், ஒன்பது ஆக்சிஜன் கொண்ட அதற்குப் போலி ரூட்டைல் என்று பெயரிட்டனர். அதன் சராசரி அலகுக்கூடு மிகச் சிறியது: அடிப்பக்கம் ஏறத்தாழ 2.87 ஆங்ஸ்ட்ராம், உயரம் ஏறத்தாழ 4.6 ஆங்ஸ்ட்ராம். இவ்வளவுகளை இல்மனைட்டுடன் ஒப்பிட்டால் உறவு விளங்கும். இல்மனைட்டின் உயரமான 14.08ஐ மூன்றால் வகுத்தால் 4.69, அடிப்பக்கமான 5.09ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 2.94. அதாவது ஆக்சிஜன் சட்டகம் சற்றே சுருங்கியுள்ளது, ஆனால் குலையவில்லை. 1975இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிரே, ரீட் ஆகியோர் இவ்வமைப்பையும் இல்மனைட்டின் இயற்கை மாற்றத்தில் அதன் பங்கையும் விரிவாக விளக்கினர். இக்கனிமத்தின் தகுதி மீண்டும் ஐயுறப்பட்டு, 1994இல் ஏற்கப்பட்டது.

மாற்றத்தின் வழி இதுவாகும். காற்றும் நீரும் படும்போது ஃபெரஸ் இரும்பு ஃபெரிக் இரும்பாகிறது. மூன்று ஃபெரஸ் அயனிகளின் மின்சுமை ஆறு. இரண்டு ஃபெரிக் அயனிகளின் மின்சுமையும் ஆறு. மின்சுமை சமநிலை பேணப்படவேண்டுமாயின், மூன்று இரும்பு அயனிகளுள் இரண்டு ஃபெரிக்காக மாறும்போது மூன்றாவது வெளியேற இடமேற்படுகிறது. நீர் அதனைக் கரைத்துச் செல்கிறது. டைட்டானியமும் ஆக்சிஜனும் இடம்பெயராமல் நிற்கின்றன. இவ்வாறு மூன்றில் ஒரு பங்கு இரும்பு நீங்கியபின் கிடைக்கும் பொருளில் டைட்டானியம் டைஆக்சைடு 60 விழுக்காடு. புதிதாக டைட்டானியம் எதுவும் சேரவில்லை. இரும்பு நீங்கியதால் டைட்டானியத்தின் பங்கு உயர்ந்தது. அதற்கு மேலும் மாற்றம் தொடருமாயின் சட்டகமே கரைந்து, நுண்ணிய ரூட்டைல் துகள்களாக மீண்டும் படிகமாகிறது.

மணவாளக்குறிச்சியும் சவறாவும்

இவ்விளக்கத்தைக் கொண்டு இரு கடற்கரைகளையும் ஒரே கோட்டில் நிறுத்தலாம். 52.7 விழுக்காடு, மாறாத இல்மனைட். 60 விழுக்காடு, போலி ரூட்டைலின் அளவு. இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளது மணவாளக்குறிச்சியின் 55 விழுக்காடு. அதன் இரும்பில் கணிசமான பகுதி இன்னும் ஃபெரஸ் நிலையிலேயே உள்ளது. சவறா மணலில் இரும்பின் பெரும்பகுதி ஃபெரிக் நிலையை அடைந்துவிட்டது. ஆகவே மணவாளக்குறிச்சி இல்மனைட் என்பது தனியொரு கனிமம் அன்று. பாதிவழியில் நிற்கும் ஒரு மாற்றத்தின் பெயர். விற்பனைப் பட்டியலில் உள்ள எண், அம்மாற்றத்தின் சராசரி.

இவ்வேறுபாட்டுக்குத் துணைச்சான்று மணவாளக்குறிச்சி மணலின் சிவப்பு நிறத்தில் உள்ளது. அங்குக் கார்னெட் மிகுதி; சவறாவில் அது அரிது. கார்னெட் வெப்பமண்டலச் சிதைவுக்கு எளிதில் ஆட்படும் கனிமம். அது நிலைத்திருப்பது, அம்மணல் மிகுந்த சிதைவுக்கு உள்ளாகவில்லை என்பதைக் காட்டுகிறது. கேரளக் கடற்கரையின் மிகுந்த மழையும் செம்புரைக்கல் உருவாக்கமும் சவறா மணலின் முதிர்ந்த நிலையுடன் தொடர்புபடுத்தப்படுகின்றன. குமரிமுனைக் கதையில் தனித்தனிப் பண்டங்களாக எண்ணப்பட்ட செம்மணலும் கருமணலும் இவ்வாறு ஒன்றன் வரலாற்றுக்கு மற்றொன்று சான்றாகின்றன.

இம்மாற்றம் எதனால் நிகழ்கிறது என்பதற்கு நிலவிலிருந்தும் ஒரு மறுதலைச் சான்று கிடைத்தது. 1969இல் அப்பல்லோ 11 பயணத்தில் கொண்டுவரப்பட்ட பாறைகளில் இல்மனைட் மிகுதியாக இருந்தது. 1971இல் ரேமண்டும் வெங்கும் நிலவு இல்மனைட்டின் படிக அமைப்பை நுட்பமாக வரையறுத்து வெளியிட்டனர். அது பார்த், போஸ்ன்யாக் கண்ட அதே அமைப்புடையது. காற்றும் நீரும் இல்லாத நிலவில் நெடுங்காலம் கிடந்தும் அதன் இரும்பு ஃபெரஸ் நிலையிலேயே உள்ளது. குமரிக் கடற்கரை மணலுக்கும் நிலவுப் பாறைக்கும் உள்ள இவ்வேறுபாட்டை உண்டாக்கியவை காற்றும் மழையுமே.

ஆலையில் அமைப்பின் பங்கு

படிக அமைப்பு ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. மணல் ஆலையில் கனிமங்கள் பிரிக்கப்படும் முறையே அமைப்பின் விளைவு. இரும்பு அயனிகளால் இல்மனைட் காந்தத்தால் வலிதாக ஈர்க்கப்படுகிறது. கார்னெட்டும் மோனசைட்டும் அதனினும் குறைவாக ஈர்க்கப்படுகின்றன. ரூட்டைலும் சிர்கானும் ஈர்க்கப்படுவதில்லை. உயர் மின்னழுத்தப் பிரிப்பானில் இல்மனைட்டும் ரூட்டைலும் மின்கடத்திகளாகவும், சிர்கான், மோனசைட், கார்னெட் ஆகியவை கடத்தாப் பொருள்களாகவும் பிரிகின்றன.

பயன்பாட்டையும் இரும்பின் நிலையே முடிவுசெய்கிறது. கந்தக அமில முறைக்கு எளிதில் கரையும் ஃபெரஸ் இரும்பு மிகுந்த இல்மனைட் ஏற்றது. மிகவும் மாற்றமடைந்த மணல் அமிலத்தில் மெல்லவே கரையும். குளோரின் முறைக்கு நேர்மாறாக, டைட்டானியம் மிகுந்த மணலே ஏற்றது. இல்லையெனில் குளோரின் இரும்பிலேயே வீணாகும். சவறாவில் குளோரின் முறையைப் பின்பற்றும் சாய ஆலை எழுந்தமை இப்பின்னணியில் விளங்கும். தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்தில் இல்மனைட்டின் இரும்பை அமிலத்தால் நீக்கிச் செயற்கை ரூட்டைல் தயாரிக்கப்படுகிறது. மழையும் நிலத்தடி நீரும் நெடுங்காலத்தில் பாதியளவே செய்துமுடித்த பணியை, ஆலை சில மணிநேரங்களில் முடிக்கிறது. ஆனால் மழை கரைத்த இரும்பு மண்ணில் கலந்தது, ஆலை கரைக்கும் இரும்போ கழிவாகக் கையாளப்பட வேண்டியதாகிறது.

முடிவுரை

1909இல் கயிற்றில் ஒட்டிய துகளாக அறிமுகமான மணவாளக்குறிச்சி மணல், ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் அணு அடுக்குகள் வரை அறியப்பட்ட பொருளாயிற்று. வேதிப் பகுப்பாய்வு அதன் விலையைக் கூறியது, ஆனால் 52.7க்கும் 55க்கும் உள்ள இடைவெளியை விளக்க இயலவில்லை. 1934இல் அடுக்குகளின் ஒழுங்கும், 1959ஐ ஒட்டி இரும்பின் நிலையும், 1966 முதல் 1975 வரை இரும்பு வெளியேறும் வழியும் அறியப்பட்ட பின்னரே அவ்விடைவெளி விளங்கியது. இப்படிகள் ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் எழுந்தவை. ஆக்சிஜன் சட்டகம் அறியப்படாமல் அது குலையாமல் நிற்பதை அறிந்திருக்க இயலாது. இரும்பின் நிலை அறியப்படாமல் மூன்றில் ஒன்று வெளியேறுவதைக் கணக்கிட்டிருக்க இயலாது.

மணல் எடுப்பது குறித்துக் கன்னியாகுமரிக் கடற்கரையில் இன்று நிகழும் விவாதத்துக்கும் இவ்வரலாறு ஒரு செய்தியைத் தருகிறது. ஒவ்வொரு பருவத்திலும் அலை புதிய மணலைக் கரைக்குக் கொண்டுவருகிறது; ஆகவே எடுத்தது மீண்டும் நிறையும் என்று கூறப்படுவதுண்டு. அலை செய்வது பிரித்து ஒதுக்குதலை மட்டுமே. அத்துகளின் இரும்பில் ஒரு பகுதியை நீக்கி, அதற்கு இன்றைய மதிப்பைத் தந்தது மலைச்சரிவின் சிதைவும், மழையும், மணற்படிவினுள் ஊறிய நீரும் நெடுங்காலம் செய்த பணி. அப்பணியை எந்தப் பருவமும் ஓராண்டில் மீண்டும் செய்யாது. மணவாளக்குறிச்சியின் கருமணலை டன் கணக்கில் அளக்கும் ஆவணங்களுடன், அதன் உள்ளே பதிந்துள்ள இக்கால அளவையும் சேர்த்துப் படிப்பது அவ்வட்டாரத்தின் வரலாற்றெழுத்துக்கு உரிய கடமையாகும்.